ஜெர்மனியில் டோரண்ட் கடிதம்: கிழிக்கவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்

வணக்கம் தம்பி. மியூனிக்கில் அறை எடுத்துப் படிக்கிறீர்கள், டோரண்டில், அதாவது பயனர்கள் ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் முறையில், ஒரு படம் இறக்கியதற்கு 900 யூரோ கேட்டு வக்கீல் கடிதம் வந்திருக்கிறது, மோசடி என்று கிழித்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள். 'அப்மானுங்' என்னும் இந்த எச்சரிக்கைக் கடிதம் அங்கே பெரும்பாலும் உண்மையானதுதான். எனக்கும் படிக்கும் காலத்தில் வந்தது, இரண்டு நாள் தூக்கமே இல்லை.

டோரண்டில் படம் இறங்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகள் உங்கள் கணினியிலிருந்து மற்றவர்களுக்கும் போகின்றன. படத்தின் உரிமை வைத்திருப்பவர்கள் முக்கியமாகப் பிடிப்பது அதைத்தான். அவர்களுக்காக வேலை செய்யும் கண்காணிப்பு நிறுவனமும் அதே பகிர்வில் சேர்ந்து, தெரிகிற ஐபி முகவரிகளை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) குறித்துக்கொள்ளும். கடிதத்தைப் பாருங்கள், கோப்பின் பெயர், ஐபி எண், நொடி வரைக்கும் நேரம் போட்டிருப்பார்கள். அப்புறம் நீதிமன்ற உத்தரவு வாங்கி, இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் பெயரைக் கேட்டுப் பெறுவார்கள்.

இனி இப்படிப் பகிர மாட்டேன் என்று கூட வந்த உறுதிமொழித் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அது பல வருடம் உங்களைக் கட்டிப்போடும், மீறினால் அபராதம். கெடு முடிவதற்குள் 'ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலே' என்னும் நுகர்வோர் மையத்துக்குப் போங்கள். கட்டணம் குறைவு. திருத்திய உறுதிமொழி எழுதவும் வழி சொல்வார்கள். முதல்முறை சிக்கும் தனிநபரிடம் கேட்கும் வக்கீல் கட்டணத்துக்குப் பொதுவாகச் சட்டத்தில் வரம்பு உண்டு. நஷ்டஈடு தனி, அதைப் பேசிக் குறைக்கலாம்.

டோரண்ட் செயலியை இன்றைக்கே நீக்குங்கள்.