மழை மேல் மட்டும் பழி போடாதீர்கள்

கேள்வி: உலகில் அதிகம் சர்க்கரை தயாரிக்கும் நாடுகளில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். ஆனாலும் ஒரு வருடம் கப்பல் கப்பலாக ஏற்றுமதி, மறு வருடம் தடை. மழை ஒரு காரணம் என்கிறார்கள். விலை ஏறியதும் விவசாயிகள் எல்லோரும் கரும்பை நட்டுவிட்டு, பிறகு பணம் வரவில்லை என்று மறியலில் உட்காருவதும் ஒரு காரணம்தானே?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இல்லை. கேள்வியின் பின்பாதியை என்னால் ஏற்க முடியாது. பணம் வராமல் போவது முதலில் நடக்கிறது. சர்க்கரை குறைவது அதற்குப் பின்னால் வருகிறது.

கரும்பு நெல் மாதிரி இல்லை. நட்டு வெட்ட பத்து, பன்னிரண்டு மாதம். வெட்டிய கட்டையிலிருந்தே மறுதாம்பு ஒரு போகமோ இரண்டு போகமோ எடுப்பார்கள். ஆலை பணம் தராத வருடத்திலும் விவசாயி மறுதாம்பை அழிக்க மாட்டார், ஏற்கெனவே போட்ட முதலாயிற்றே. அதையும் வெட்டி அனுப்பிவிட்டுத்தான் கட்டையைப் பெயர்த்து வேறு பயிருக்குப் போவார். அதனால் இந்த வருடத்துப் பாக்கி, சர்க்கரைக் கணக்கில் தெரிய இரண்டு வருடம் ஆகும். அதற்குள் பாக்கியை எல்லோரும் மறந்திருப்பார்கள். மழைதான் கண்ணுக்குத் தெரியும்.

2006-07 பருவத்தில் நாட்டின் உற்பத்தி சுமார் 283 லட்சம் டன். அன்றைய தேவை 200 லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. சர்க்கரை விலை சரிந்தது. ஆலைகள் கரும்புப் பணத்தை நிறுத்தி வைத்தன. 2008-09-ல் உற்பத்தி சுமார் 145 லட்சம் டன். இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதி! மழை பொய்த்ததா? 2007-ல் தென்மேற்குப் பருவமழை சராசரிக்கு மேல் பெய்தது. 2008-லும் சராசரியை ஒட்டியே பெய்தது. பெரிய வறட்சி வந்தது 2009-ல், உற்பத்தி சரிந்து முடிந்த பிறகு. அந்த இரண்டு வருடத்தில் கோதுமைக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 750 ரூபாயிலிருந்து 1000 ரூபாய்க்கு ஏறியது. கரும்புக்கு அது அறிவித்த குறைந்தபட்ச விலையோ 80 ரூபாய் 25 காசிலிருந்து 81 ரூபாய் 18 காசுக்கு நகர்ந்தது. மாநில அரசின் விலை இதைவிடக் கூடுதலாக இருந்த இடங்களிலும் அது கைக்கு வருவது உறுதியில்லை. உத்தரப் பிரதேச விவசாயி கோதுமைக்குப் போனதில் என்ன பேராசை? 2010 தொடக்கத்தில் கடையில் சர்க்கரை கிலோ 40 ரூபாயைத் தாண்டியபோது அந்தக் கோபம் முழுவதும் மழை மேல் போனது.

மழைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. மகாராஷ்டிர வறட்சி 2016-17 உற்பத்தியைச் சுமார் 200 லட்சம் டன்னுக்கு இறக்கியது. நோய்க்கும் பங்கு உண்டு. வட இந்தியாவில் விளைச்சலைத் தூக்கி நிறுத்திய கோ 0238 என்ற கரும்பு ரகம் இப்போது செவ்வழுகல் நோயில் விழுந்து கிடக்கிறது. ஆனால் மழையை நாம் திருத்த முடியாது, பாக்கியைத் திருத்த முடியும்.

1966-ஆம் வருடக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? கரும்பு வாங்கிய 14 நாளுக்குள் பணம்; தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த ஆணை இருக்கும்போதே 2018-ல் நாடு முழுவதும் நிலுவை 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. வட்டியோடு வாங்கிய விவசாயி உங்கள் ஊரில் எத்தனை பேர்?

ஆலைகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆலை விற்கும் சர்க்கரைக்குக் குறைந்தபட்ச விலை 2019 பிப்ரவரியில் கிலோ 31 ரூபாய் ஆனது. 2025-26 பருவம் தொடங்கியபோதும் அதே 31 ரூபாய்தான். இதற்கிடையில் மத்திய அரசின் கரும்பு விலை குவிண்டாலுக்கு 275-லிருந்து 355 ரூபாய் ஆகிவிட்டது. 2021-22-ல் சுமார் 359 லட்சம் டன் உற்பத்தி, 100 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி. அந்த வருடம் முடிவதற்குள் கட்டுப்பாடு வந்தது. 2023-24-ல் ஏற்றுமதியே இல்லை. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குக் கரும்புச் சாறு கொடு என்று சொன்ன மத்திய அரசு, அதை 2023 டிசம்பரில் திடீரென நிறுத்தி, அடுத்த வருடம் மறுபடி திறந்தது. எந்த ஆலை இதை நம்பி முதல் போடும்? ஆனால் அந்த நஷ்டத்தை விவசாயியின் பாக்கியில் கழிக்க ஆலைக்கு உரிமை கிடையாது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2011-12-ல் தமிழ்நாடு 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை கண்டது. ஐந்தே வருடத்தில் அது பாதியாயிற்று. வறட்சி வந்தது உண்மை. பிறகு மழை திரும்பியது, கரும்பு திரும்பவில்லை. மாநில அரசு அறிவித்த பரிந்துரை விலைக்கும் மத்திய அரசு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியார் ஆலைகள் பல வருடக்கணக்கில் இழுத்தடித்தன. பிழிதிறன், அதாவது நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரை, பெரும்பாலும் 9.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் 2025-26-ல் நம்மவருக்கு மத்திய அரசு விலையான அந்த 355 ரூபாயும் கிடையாது. 329 ரூபாய் 5 காசுதான். அதே கரும்பை வெட்டி ஏற்றும் கூலி ஏறிக்கொண்டே போகிறது. எப்போது வெட்டலாம் என்று ஆலை தரும் கட்டிங் ஆர்டர் தள்ளிப்போய்க் கரும்பு காய்ந்தால் எடையும் போச்சு.

உங்கள் மாவட்டத்திலேயே கரும்பு நின்ற வயல்களில் இன்று சவுக்கு நிற்கிறது. சவுக்கு வைத்தவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மழையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எந்த வருடத்துப் பணம் இன்னும் வரவில்லை என்பதைத்தான் அவர் சொல்வார்.