பெரும் கால்நடைப் பண்ணைகளும் அவற்றின் சுமையும்: கேள்வி பதில்

கேள்வி: தொழிற்சாலை போல இயங்கும் பண்ணைகளால் மனிதர்களுக்கு என்ன பாதிப்பு?

பதில்: முதலில் பாதிக்கப்படுபவர்கள் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள். வேகமாக நகரும் வரிசையில் ஒரே வெட்டை நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் போடுவதால் மணிக்கட்டு நரம்பு அழுந்தி, விரல்கள் மரத்துப்போகின்றன. குளிரும் நெருக்கமும் மிகுந்த அக்கூடங்களில் தொற்றும் எளிதில் பரவும். 2020 ஜூனில் ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ பகுதியில் ஒரே ஆலையைச் சேர்ந்த 1,500க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது; அவர்களில் பலர் துணை ஒப்பந்தக்காரர்கள் வழியே வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அதன் பிறகுதான், 2021இல், இறைச்சி வெட்டும் வேலைக்கு ஒப்பந்த ஆள்களை அமர்த்தும் முறையை அந்நாடு தடைசெய்தது.

அடுத்துப் பாதிக்கப்படுபவர்கள் பண்ணையை அடுத்து வாழ்பவர்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் பன்றிக் கழிவைத் திறந்த குட்டைகளில் தேக்கி வயல்களில் தெளிக்கிறார்கள். 2018இல் ஃபுளோரன்ஸ் புயல் அடித்தபோது பல குட்டைகள் நிரம்பி வழிந்தன. அங்கே நாற்றத்தையும் அசுத்த நீரையும் அதிகம் சகிப்பவர்கள் கறுப்பின, லத்தீன், பழங்குடி மக்கள். இது தற்செயலாக நேர்ந்ததென்று நான் நம்பவில்லை.

கேள்வி: எந்த இறைச்சி உடலுக்கு நல்லது?

பதில்: இது என் துறை அன்று, உணவியல் வல்லுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்தால் நோயைத் தடுக்கலாம் அல்லவா?

பதில்: அந்தச் சிறிதளவில்தான் ஆபத்து இருக்கிறது. கொல்லப் போதாத அளவில் மருந்து நாள்தோறும் சேரும்போது, அதைத் தாக்குப்பிடிக்கும் கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன. வேறு மருந்துகள் பலிக்காதபோது கையாளப்படும் கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு, அதுவும் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது, சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015இல் வெளியானது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே தடைசெய்துவிட்டது. கால்நடை மருத்துவர் பார்க்காமல் ஒரு வேளை மருந்துகூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் மேய்ச்சல் மாட்டைவிடக் கொட்டகைக் கோழியின் பசுமைக்குடில் வாயு உமிழ்வு மிகக் குறைவு. அப்படியானால் பெரும்பண்ணைதானே சூழலுக்கு நல்லது?

பதில்: கணக்கு சரி, முடிவு தவறு. அசைபோடும் மாட்டின் வயிற்றில் மீத்தேன் உருவாகிறது. 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கிறது. கோழி அசைபோடுவதில்லை. ஆகவே இவ்வேறுபாட்டின் பெரும்பங்கு விலங்கைச் சார்ந்தது, கொட்டகையைச் சார்ந்ததன்று. மேலும், எங்கோ விளைந்த தீவனத்தின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓரிடத்தில் எச்சமாகக் குவிந்து நீர்நிலைகளைக் கெடுப்பது உமிழ்வுக் கணக்கில் வருவதே இல்லை.

கேள்வி: அமேசான் காடு மேய்ச்சலுக்காகத்தானே அழிகிறது?

பதில்: ஆம், அங்கே அழிக்கப்பட்ட காட்டின் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகவே மாறியது. உலக விவசாய நிலத்தில் சுமார் 83 விழுக்காடு விலங்குணவுக்குப் போகிறது, கிடைப்பதோ 18 விழுக்காடு கலோரியும் 37 விழுக்காடு புரதமும் என்று 2018இல் வெளியான விரிவான ஆய்வு காட்டியது. இத்தனை இறைச்சியை மேய்ச்சலால் தருவதென்றால் காடு போதாது. கொட்டகையால் தருவதென்றால் ஆறும் தொழிலாளியின் கையும் தாங்கா. அளவைக் குறைக்காமல் எந்த முறைக்கு மாறினாலும் சுமை இடம் மாறுமே தவிரத் தீராது.

கேள்வி: கோழிகளுக்குச் சளி. எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: மாட்டுப் பண்ணையின் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்கலாமா?

பதில்: கூடாது. கழிவைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வெளியேறும். செறிவு கூடினால் மூக்கு அதன் வாடையை உணராமல் போய்விடும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து மடிந்திருக்கிறார்கள். ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல், சுவாசக் கருவியுள்ள மீட்புப் படையை உடனே அழையுங்கள்.