மூதூரில் புதிதாகக் குடியேறியிருக்கிறோம், புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நாவலப்பிட்டியிலிருந்து மாற்றலாகி வந்து மூதூரில் தகரக்கூரை வீட்டில் வாடகைக்கு இருப்பதாகவும், இரண்டு பிள்ளைகளும் வயதான அம்மாவும் கூட இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலை டவுன். பெரியம்மா குடும்பம் மூதூரில் இருப்பதால் இரண்டு பக்கத்து அனுபவமும் உண்டு.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இங்கே காற்றும் வெள்ளமும் ஒன்றாக வருவதில்லை. காற்று கடலிலிருந்து வரும், வெள்ளம் உங்கள் ஊரிலிருந்து வரும். நாவலப்பிட்டியைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே மகாவலிதான் 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியார்க் குடாவில் கடலில் விழுகிறது. மலையில் கொட்டிய மழை நம் வாசலுக்கு வரும்போது இங்கே வானம் வெளித்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அதுதான் நடந்தது. காற்று ஓய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம்தான் ஆறு பெருகியது. மூதூருக்குத் தெற்கேயுள்ள மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்தது.

அன்றிரவு பெரியப்பா கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது கணுக்கால் வரை தண்ணீர். கதவைத் திறந்தால் முற்றத்துக்கும் கிணற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிணற்றுக்கட்டின் விளிம்பு மட்டும் ஒரு வட்டமாகத் தெரிந்ததாம், அதுவும் சற்று நேரத்தில் மறைந்துவிட்டது. தரையில் இருந்த அரிசி மூட்டை போயிற்று. தப்பியது ஒரு பழைய பெயின்ற் வாளி. பெரியம்மா காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி அதற்குள் போட்டு, மூடியை இறுக்கி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். நீங்களும் இன்றைக்கே அப்படி ஒரு வாளி தேடி வையுங்கள்.

காற்றுக்கான வேலையை வானம் கறுக்கும் முன்பே முடிக்க வேண்டும். வீட்டுக்கு மேல் சாயும் தென்னையில் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் ஆள் வைத்து இறக்குங்கள். தகரத்தில் ஆணி தளர்ந்த இடங்களை, முக்கியமாகத் தாழ்வாரத்து விளிம்பை, இறுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் வற்புறுத்துங்கள். காற்று அந்த விளிம்புக்கு அடியில்தான் புகுந்து தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்கு. கூரை மேல் கல்லை வெறுமனே அடுக்க வேண்டாம், பறந்து வந்து ஆளைக் கொல்லும். மண் மூட்டைகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்துக் கூரையின் இரு பக்கமும் தொங்கவிடுவார்கள், அதுதான் சரி.

காற்று சட்டென்று நின்றால் வெளியே போகாதீர்கள். புயலின் நடுப்பகுதி கடக்கும்போது அப்படி ஓர் அமைதி வரும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும்.

இங்கே கார்த்திகை, மார்கழிதான் கவனமான மாதங்கள். 2000 டிசம்பர் 26, 2020 டிசம்பர் 2 இரண்டு புயலும் இந்தக் கரையைத்தான் தொட்டன. அதனால் ஐப்பசியிலேயே அம்மாவின் மருந்தை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். வீதி மூழ்கினால் டவுன் ஆஸ்பத்திரிக்கு வர வழியிருக்காது. குடிதண்ணீரை மூடியுள்ள கான்களில் முன்கூட்டியே பிடித்து வையுங்கள். வெள்ளம் ஏறிய கிணற்றில் மலக்குழித் தண்ணீரும் கலந்திருக்கும். அதை இறைத்து, சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போடும் வரை குடிக்க வேண்டாம். வெள்ளத்தில் நடந்தவருக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர் வாசல்படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். போன் சார்ஜ் இருக்கும்போதே 117ஐ, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை, அழைத்து ஆற்று நிலவரம் கேளுங்கள். நாவலப்பிட்டியில் உள்ள சொந்தக்காரருக்கும் ஒரு கோல் எடுங்கள். அங்கே ஆறு கரை புரண்டால் இங்கே உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மாவால் நடக்க முடியுமா என்று நீங்கள் எழுதவில்லை. முடியாதென்றால் மழை தொடங்கும் வரை பார்த்திருக்காமல் கிராம உத்தியோகத்தரிடம் அவர் பெயரைக் கொடுத்து வையுங்கள். எந்தப் பாடசாலையில் தங்க வைப்பார்கள், அங்கே போக வண்டி கிடைக்குமா, வள்ளம் வேண்டுமா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போன தடவை தண்ணீர் எதுவரை ஏறியது என்றும் கேட்டு, அந்த உயரத்தை உங்கள் வீட்டுச் சுவரில் கரியால் கோடிட்டுக்கொள்ளுங்கள். அரிசியும் மருந்தும் பிள்ளைகளின் புத்தகமும் அந்தக் கோட்டுக்கு மேல் போகட்டும்.