போரில் வீடிழந்தோருக்கு ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுப்பதா, பணத்தைக் கொடுத்து அவர்களையே கட்டவிடுவதா: எது நல்லது?

என் பதில்: அவர்களே கட்டுவதுதான். ஆனால் பணம் போதுமானதாக இருக்கவேண்டும்.

இலங்கையில் போருக்குப் பின் இந்திய அரசின் நிதியில் நடந்த இந்திய வீட்டுத் திட்டம் இரண்டையும் செய்து பார்த்தது. முதல் 1000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினர். 2012 ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், வடக்கு கிழக்கில் புதுவீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், திருத்த வேலைக்கு 2,50,000 ரூபாய் என்று பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். மொத்தமாக அல்ல, அத்திவாரம், சுவர், கூரை என வேலை நகர நகரத் தவணையாக.

இதனால் வாசல் எந்தப் பக்கம், குசினி எங்கே என்பதெல்லாம் வீட்டுக்காரர் முடிவு. கலவையில் சீமெந்து குறைந்தால் கேட்கவும் ஆள் நிற்கும்!

சிக்கல் வேறிடத்தில். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கட்டும்போது மணல், கல், மேசன் கூலி எல்லாம் ஏறும். தவணைத் தொகையோ ஏறாது. நகையை அடகு வைத்துக் கூரை போட்டால், வீட்டோடு கடனும் வந்துவிடும். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்களுக்கு மேற்பார்வையே பெரிய சுமை. காணிக்கு உறுதிப்பத்திரமோ அரச அனுமதிப்பத்திரமோ இல்லாதவர் பயனாளிப் பட்டியலுக்குள் நுழைவதே கடினம்.

ஆனாலும் ஒப்பந்த நிறுவனத்திடம் திரும்புவது தீர்வல்ல. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 முன்தயாரிப்பு இரும்பு வீடுகள் என்ற யோசனை வந்தபோது, அந்த வெயிலுக்கு அவை ஒத்துவராது, விலையும் அதிகம் என்றே எதிர்ப்பு எழுந்தது.