கால்பந்து கேள்வி–பதில்: 12 புள்ளி முன்னிலையும் நான்காம் இடமும்

இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் விளையாடிய வால்சால் அணியின் 2024–25 சீசனைப் பற்றி, மூணாறு மலையிலிருந்தும் பாலக்காட்டின் கிழக்கு எல்லை ஊர்களிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், சில கடிதங்களைத் தேர்ந்தெடுத்து விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் லயத்துப் பிள்ளைகள் வால்சால் அணியின் முடிவுகளைக் கைபேசியில் வாராவாரம் பார்த்துவந்தார்கள். 2025 ஜனவரியில் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்த அணி, மே மாத முடிவில் மேல் பிரிவுக்குப் போக முடியாமல் நின்றுவிட்டது. ஆட்டக்காரர்கள் அலட்சியமாக இருந்துவிட்டார்களா? (கன்னிமலை எஸ்டேட், மூணாறு)

பதில்: அலட்சியம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன், ஐயா. அந்த சீசனின் முதல் பாதியை நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில், லீக் கோப்பையின் மூன்றாம் சுற்றில், அப்போது பிரீமியர் லீக்கில் இருந்த லெஸ்டர் சிட்டியை வால்சால் தன் மைதானத்தில் ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் நிறுத்தி, பெனால்டி உதைகளில்தான் தோற்றது. லீக் ஆட்டங்களிலும் குளிர்காலத்தில் தொடர்ந்து வென்று, ஜனவரி நடுவில் மற்ற எல்லா அணிகளையும்விட 12 புள்ளிகள் முன்னால் நின்றது. பயிற்சியாளர் மேட் சாட்லரின் அணி மேலே போவது உறுதி என்று அப்போது எழுதாத ஆங்கிலப் பத்திரிகை அரிது.

அந்த மாதத்தில்தான் நேத்தன் லோ திரும்பிப் போனார். அவர் ஸ்டோக் சிட்டியின் இளம் முன்கள வீரர். வால்சாலுக்கு இரவலாக வந்து லீக்கில் மட்டும் 15 கோல்கள் அடித்திருந்தார். இரண்டாம் பிரிவில் தடுமாறிக்கொண்டிருந்த ஸ்டோக், தன் ஆட்டக்காரரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்கு அந்த அணிக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால், வால்சாலின் தாக்குதல் முறை முழுவதும் அந்த 19 வயது இளைஞரின் ஓட்டத்தையும் உயரத்தையும் நம்பி அமைந்திருந்ததால், அவர் போனதும் மற்ற பத்துப் பேரின் ஆட்டமும் மாறிப்போனது. முன்பு அவர் பிடித்து நிறுத்திய நீண்ட பந்துகள் எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களிடமே திரும்பிச் சென்றன; நடுக்களம் ஓய்வில்லாமல் பின்னோக்கி ஓடவேண்டியதாயிற்று. பிப்ரவரிக்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லாமல் பல வாரங்கள் கடந்தன.

12 புள்ளிகள் என்பது பெரிய இடைவெளியாகத் தோன்றும். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி என்ற கணக்கில், நீங்கள் சமன் செய்யும் ஒவ்வொரு வாரமும் பின்னால் வரும் அணி வென்றால் இடைவெளி இரண்டு குறையும். ஆறு வாரங்கள் இப்படிப் போனால், ஒரு தோல்விகூட இல்லாமலே 12 புள்ளியும் கரைந்துவிடும். வால்சால் தோல்விகளையும் சந்தித்தது; அதே வேளையில் டான்காஸ்டர், போர்ட் வேல், பிராட்போர்டு ஆகிய மூன்று அணிகளும் வேகம் பிடித்தன.

கடைசி நாளைப் பற்றியும் உங்கள் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். மே 3 அன்று வால்சால் குரூ அணியின் மைதானத்தில் 1–0 என்று வென்றது. அந்த நேரக் கணக்கின்படி மூன்றாம் இடம் வால்சாலுக்கு. மூன்றாம் இடம் என்றால் நேரடியாக மேல் பிரிவு. ஆனால், பிராட்போர்டில் 96ஆம் நிமிடத்தில், ஃபிளீட்வுட் அணிக்கு எதிராக ஆன்டனி சார்செவிச்சின் கோல் விழுந்தது. பிராட்போர்டு 78 புள்ளி, வால்சால் 77 புள்ளி. தன் கையிலிருந்த கடைசி வேலையைச் சரியாகச் செய்து முடித்த ஓர் அணியை, வேறோர் ஊரில் ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த கோல் நான்காம் இடத்துக்குத் தள்ளியது. இதை அறிந்த பிறகும் ‘அலட்சியம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? இங்கிலாந்தின் பிரிவுகள் எப்படி அமைந்துள்ளன என்று விளக்குவீர்களா, ஐயா? நான் பிளஸ் டூ மாணவன். (வண்டிப்பெரியார்)

பதில்: தம்பி, உச்சியில் பிரீமியர் லீக், அதில் 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 24 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 46 ஆட்டங்கள். லீக் டூ என்பது பெயரால் இரண்டு போலத் தோன்றினாலும் வரிசையில் நான்காவது. அங்கே முதல் மூன்று அணிகள் நேரடியாக மேலே போகும். நான்கு முதல் ஏழு வரையுள்ள அணிகள் பிளே ஆஃப் என்ற தனிச் சுற்றில் மோதி, அதில் வெல்லும் ஒன்று மட்டும் மேலே போகும். கடைசி இரண்டு அணிகள் ஐந்தாம் பிரிவுக்கு இறங்கும்.

கேள்வி: நாங்கள் ஊரில் செவன்ஸ் என்ற, அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். வெளியூர் ஆட்டக்காரர்களை, சில நேரம் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களையும், சீசனுக்குப் பேசி அழைத்து வருவோம். நேத்தன் லோ வால்சாலுக்கு வந்ததும் இதே போன்ற ஏற்பாடுதானா? இரவல் ஆட்டக்காரரை நம்பியது நிர்வாகத்தின் பிழை என்று எங்கள் குழுவில் ஒரு சாரார் சொல்கிறார்கள். (கொழிஞ்சாம்பாறை)

பதில்: வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும், அடிப்படையில் வேறுபாடு உண்டு, ஐயா. உங்கள் செவன்ஸ் ஆட்டக்காரர் தன் ஆட்டத்துக்குத் தானே விலை பேசுகிறார். அவரைத் திரும்ப அழைக்க மேலே ஒரு அணி இல்லை. இங்கிலாந்தில் இரவலாகப் போகும் இளைஞர் தாய் அணியின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறார். சம்பளத்தில் எவ்வளவு யார் கொடுப்பது, ஜனவரியில் திரும்ப அழைக்கும் உரிமை உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்படும். பெரிய அணிக்கு வேண்டியது அந்த இளைஞருக்கு ஆட்ட அனுபவம். சிறிய அணிக்கு வேண்டியது தன்னால் விலைகொடுத்து வாங்க முடியாத திறமை. இருவருக்கும் பயன் உண்டு. ஆனால், இளைஞர் எவ்வளவு சிறப்பாக ஆடுகிறாரோ, அவ்வளவு விரைவில் அவரைத் திரும்ப அழைக்கும் எண்ணம் தாய் அணிக்கு வரும். சிறிய அணியின் வெற்றியே அதன் இழப்புக்குக் காரணமாகும் இந்த ஏற்பாடு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் குழுவினர் சொல்வதில் பாதி சரி. இரவல் வாங்கியது பிழை இல்லை. நான்காம் பிரிவில் இரவல் ஆட்டக்காரர்கள் இல்லாத அணியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். லீக்கில் 15 கோல் அடித்தவர் ஜனவரியில் போகக்கூடும் என்பது நவம்பரிலேயே தெரிந்திருக்கவேண்டும். அவருக்கு ஈடான ஒருவரை, அல்லது அவர் இல்லாமல் ஆடும் முறையை, அப்போதே தேடியிருக்கவேண்டும். இந்தப் பொறுப்பிலிருந்து நிர்வாகத்தை நான் விடுவிக்கமாட்டேன். ஆனால், ஜனவரிச் சந்தையில் நான்காம் பிரிவு அணியின் கையிருப்புக்குள், உடனே களமிறங்கி கோல் அடிக்கும் முன்கள வீரர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். அத்தகையவர் கையில் இருந்தால் எந்த அணி விட்டுக்கொடுக்கும்?

கேள்வி: பிளே ஆஃப் இறுதியில் வால்சாலை வென்ற விம்பிள்டன், லீக்கில் வால்சாலுக்குக் கீழே முடித்த அணி. 46 ஆட்டங்களில் சம்பாதித்ததை ஒரே ஆட்டத்தில் பறிப்பது நியாயமா? (மறையூர்)

பதில்: நியாயம் இல்லை என்றே நெடுங்காலம் நினைத்துவந்தேன், அம்மா, இன்றும் முழு மனநிறைவு இல்லை. விம்பிள்டன் 73 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். வால்சால் நான்கு புள்ளி கூடுதல். அரையிறுதியில் வால்சால், செஸ்டர்ஃபீல்டு அணியை அதன் மைதானத்தில் 2–0, தன் மைதானத்தில் 2–1 என்று இரு முறையும் வென்று, வசந்த காலத்தில் தொலைத்த தன்னம்பிக்கையை மீட்டெடுத்தது போல ஆடியது. மே 26 அன்று இறுதி ஆட்டம் நடந்த வெம்ப்ளி மைதானத்தில், முதல் பாதி முடியும் நேரத்தில் மைல்ஸ் ஹிப்போலைட் அடித்த ஒரே கோல் விம்பிள்டனை லீக் ஒன்னுக்கு ஏற்றியது.

ஆயினும், 1986–87இல் இந்தச் சுற்று தொடங்கிய பிறகு, முன்பு பாதியிலேயே ஆர்வம் வற்றிப்போகும் நடு வரிசை அணிகளுக்கு ஏப்ரல் இறுதிவரை ஆடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. ஏழாம் இடத்துக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் பத்தாம் இடத்தில் உள்ள ஊரின் மைதானமும் நிறைகிறது. அந்த நன்மைக்கு விலை கொடுப்பது ஒவ்வோர் ஆண்டும் நான்காம் இடத்தில் முடிக்கும் அணி.

விம்பிள்டனின் வெற்றியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பை ஏந்திய பழைய விம்பிள்டன் அணியை, அதன் உரிமையாளர்கள் மில்ட்டன் கீன்ஸ் என்ற வேறு நகருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்களே ஒன்றுகூடி ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய அணியைத் தொடங்கினார்கள். ஒன்பதாம் பிரிவிலிருந்து தொடங்கி 2011இல் முதல் நான்கு பிரிவுகளுக்குள் வந்தார்கள். மில்ட்டன் கீன்ஸ் அணியும் 2024–25இல் அதே லீக் டூவில் இருந்தது. ஆக, வெம்ப்ளியில் அன்று மோதிய இரண்டு அணிகளில் எது தோற்றிருந்தாலும் வருந்தத்தக்கதாகவே இருந்திருக்கும்.

கேள்வி: வால்சாலுக்குப் பெருமை சொல்ல ஏதாவது உண்டா? (தேவிகுளம்)

பதில்: நிறைய உண்டு, ஐயா. பர்மிங்காமுக்கு வடமேற்கே உள்ள இந்த ஊர் தோல் தொழிலுக்கும் குதிரைச் சேணத்துக்கும் பெயர்பெற்றது. அணியையும் சேணக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள். 1888இல் ஊரின் இரண்டு அணிகள் ஒன்றாகி உருவானது. 1933 ஜனவரி 14 அன்று, ஹெர்பர்ட் சாப்மன் பயிற்றுவித்த, அந்தக் காலத்தின் மிகப் பெரிய அணியான ஆர்சனலை எஃப்.ஏ. கோப்பையில் 2–0 என்று வீழ்த்தியது. கில்பர்ட் ஆல்சாப் ஒரு கோல், பில்லி ஷெப்பர்டு பெனால்டியில் ஒரு கோல். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1983இல், ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று லீக் கோப்பையில் வென்று, அந்தத் தொடரின் அரையிறுதியில் லிவர்பூலை அதன் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 2–2 என்று நிறுத்தியது. இரண்டாம் ஆட்டத்தில்தான் தோற்றது.

மூணாறில் எஸ்டேட்டுகளுக்கு இடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஃபின்லே கோப்பையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இத்தகைய அணியின் இயல்பை நான் விளக்கத் தேவையில்லை. தொழிலும் ஊரும் அணியும் ஒன்றாக இருக்கும் இடத்தில், கோப்பை கிடைக்காத ஆண்டிலும் மழையில் குடை பிடித்துக்கொண்டு மக்கள் வந்து நிற்பார்கள். வால்சாலின் பெஸ்காட் மைதானத்துக்கு வருபவர்களும் அப்படிப்பட்டவர்கள்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஏறி இறங்கும் முறை நெடுங்காலம் இல்லாமல் இருந்தது ஏன்? கோகுலம் கேரளா வென்றும் மேலே போகவில்லையே. (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா 2020–21, 2021–22 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஐ–லீக் பட்டம் வென்றது. ஐ–லீக் வெற்றியாளருக்கு அதற்கு மேல் பிரிவான இந்தியன் சூப்பர் லீக்கில் இடம் என்ற விதி 2022–23 சீசனிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு வென்ற பஞ்சாப் அணியும், அடுத்த ஆண்டு வென்ற கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே போயின. ஓராண்டு தாமதமாக வென்றிருந்தால் கோகுலம் போயிருக்கும்.

சூப்பர் லீக்கில் அந்த ஆண்டுகளில் கீழிறக்கம் வைக்கப்படவில்லை. பல கோடி கொடுத்து அணி உரிமை வாங்கியவர்கள் கடைசி இடத்தில் முடித்தாலும் அதே பிரிவில் இருப்போம் என்ற உறுதியின் பேரில்தான் முதலீடு செய்தார்கள் என்பது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது போதிய காரணமாகப் படவில்லை. வால்சால் 2019இல் லீக் ஒன்னிலிருந்து இறங்கிய அணி. இறங்கியதால்தான் 2025 மே மாதத்தின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவ்வளவு கனம் இருந்தது. கொச்சியில் பிளாஸ்டர்ஸ் அணிக்காக மஞ்சள் உடையில் திரளும் பல்லாயிரம் பேரில் ஒரு பகுதியினராவது, தங்கள் அணி இறங்கக்கூடும் என்ற அச்சத்துடனும், கோழிக்கோட்டு அணி ஏறிவரக்கூடும் என்ற எதிர்பார்ப்புடனும் மார்ச் மாத ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதைச் செய்யவேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் தொடர்ந்து எழுதிக் கேளுங்கள், ஐயா. நானும் இந்தப் பக்கங்களில் கேட்பேன்.