கேசட்டுகளை எடைக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, என் கணவர் சேர்த்த கேசட்டுகள் நூறு போல வீட்டில் கிடக்கின்றன. பாதி சினிமாப் பாட்டு. மீதி, எங்கள் ஊர்க் கோவில் கொடை விழாவில் பதிந்த வில்லுப்பாட்டு, சொந்தக்காரர் கல்யாணங்களில் பதிந்த நாதஸ்வரம். சென்னையில் இருக்கும் மகன், தானே மாதச் சந்தா கட்டுவதாகவும் எல்லாப் பாட்டும் போனிலேயே வரும் என்றும் சொல்லி, கேசட்டுகளை எடைக்குப் போடச் சொல்கிறான். போட்டுவிடலாமா?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: பொறுங்கள் அம்மா, முதலில் தரம் பிரியுங்கள். சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரி. அந்தக் காலத்தில் பதிவுக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடமா தொண்ணூறா என்று கணக்குப் பார்த்துப் பதிந்து வாங்கிய பாடல்களில் பெரும்பாலானவை இன்று செயலிகளில் அதைவிடத் தெளிவாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கேசட்டின் பட்டியலையும் தேடிப் பார்த்து, கிடைக்காததை மட்டும் எடுத்து வையுங்கள்.

சந்தா மாதம் 119 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,428 ரூபாய். தினமும் சமையற்கட்டில் பாட்டு ஓடும் வீட்டுக்கு அது தகும். எப்போதாவது கேட்பவர் விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு இலவசமாகவே கேட்டுவிடலாம். நீங்கள் எந்த வகை என்பது மகனைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

வில்லுப்பாட்டும் நாதஸ்வரமும் அப்படியல்ல. காருகுறிச்சி அருணாசலம் என்று தேடினால் செயலியில் வரும். உங்கள் நாத்தனார் கல்யாணத்தில் வாசித்தவர் வரமாட்டார். வில்லுப் புலவர் சுடலைமாடன் கதையை உச்சத்துக்குக் கொண்டுபோனபோது குடமும் உடுக்கையும் சேர்ந்து அதிர்ந்ததும், பெண்கள் குலவையிட்டதும் அந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இருக்காது. எந்த நிறுவனமும் அதை வாங்கவில்லை, ஆகவே எந்தச் சந்தாவிலும் அது வராது. செலவு செய்வதானால் இதற்குச் செய்யுங்கள்.

கணினிக்கு மாற்றுவது பெரிய வித்தையில்லை, பொறுமை வேண்டும். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். முதலில் நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை டேப் ரெக்கார்டரில் போடாதீர்கள். அது கருவியில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்து வைத்து, தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். நல்ல நாடாக்களைக் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள். ரெக்கார்டரில் நாடா உரசும் தலைப்பகுதியை (ஹெட்) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பாதி இரைச்சல் குறையும்.

பல லேப்டாப்களில் உள்ள மைக் துளை ஒற்றை ஒலிக்கானது. இடது, வலது என்ற ஸ்டீரியோ ஒலி அதில் தனித்தனியாக ஏறாது. ‘லைன் இன்’ (டேப் ரெக்கார்டரின் ஒலியை வாங்கும் துளை) உள்ள சிறிய யுஎஸ்பி ஒலிக்கருவி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாக்மேன் வடிவில் மலிவாக வரும் ‘கேசட் மாற்றி’ வேண்டவே வேண்டாம், அதில் சுழலும் வேகமே நிலையாக இருப்பதில்லை. மென்பொருளுக்குக் காசு தேவையில்லை, ‘ஆடாசிட்டி’ இலவசம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்.பி. பிடிக்கும். ஃபிளாக் வடிவில் சேமித்தால் ஒலி குறையாமல் இடம் மட்டும் கிட்டத்தட்டப் பாதியாகும். உங்களிடம் உள்ள ஐம்பது ஊர்க் கேசட்டுகளும் 64 ஜி.பி. பென்டிரைவில் அடங்கிவிடும். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று சென்னையில் மகனிடம். விடுமுறைக்கு வரும்போது இந்த வேலையை அவரிடமே கொடுங்கள். எடைக்குப் போடச் சொன்னவர் முழுக் கதையையும் உட்கார்ந்து கேட்கட்டும்!

கேள்வி: வேன் ஓட்டுகிறேன். காரையார் பக்கம் ஏறினால் சிக்னல் கிடைக்காது என்பதால் சந்தா கட்டி முந்நூறு பாட்டு இறக்கி வைத்திருந்தேன். சந்தாவைப் புதுப்பிக்க மறந்த வாரத்தில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. காசு கொடுத்து இறக்கியது என்னுடையது இல்லையா?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: இல்லை. போனில் இருப்பது பூட்டிய பெட்டி, சாவி செயலிக்காரர்களிடம். சந்தா நடப்பில் இருந்தாலும் ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியவை போய்விடும். நீங்கள் ஒழுங்காகப் பணம் கட்டினாலும் பாட்டு நிலைக்கும் என்ற உறுதி கிடையாது. 2019 ஏப்ரலில் உரிமைத் தகராறு காரணமாகச் சரிகம நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுப் பாடல்களெல்லாம் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கின்றன. 2020 ஜூனில் ஒப்பந்தம் ஆகும்வரை, சந்தா கட்டியவர்களுக்கும் அவை இல்லை. ஏர்டெல்லின் விங்க் செயலி 2024இல் மூடப்பட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஃபிளிப்கார்ட் 2012இல் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் எம்.பி.3 கடை நடத்தி, அடுத்த ஆண்டே மூடியது. கடை போனாலும், அதில் வாங்கி இறக்கி வைத்த பாட்டு இன்றும் பாடும், ஏனென்றால் அந்தக் கோப்பில் பூட்டு இல்லை. இப்போதும் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் பாட்டைத் தனியாக விலைக்கு வாங்கலாம். சுயாதீனக் கலைஞர்களின் பாட்டை வாங்க ‘பேண்ட்கேம்ப்’ இணையதளம் இருக்கிறது. முந்நூறும் வேண்டாம். மலையேறும்போது திரும்பத் திரும்பப் போடும் ஐம்பது பாட்டை வாங்கி வேனின் பென்டிரைவில் ஏற்றுங்கள். வீட்டில் பழைய சிடி இருந்தால் அதிலிருந்து உங்கள் உபயோகத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ரோட்டோரத்தில் இரண்டாயிரம் பாட்டோடு விற்கும் பென்டிரைவை வாங்காதீர்கள். திருட்டுப் பிரதி என்பது ஒருபுறம், ஒலி கேட்கச் சகிக்காது.

கேள்வி: ஒரு மாதம் இலவசம் என்று பாட்டுச் செயலியில் சேர்ந்தேன். அடுத்த மாதம் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. செயலியை அழித்தும் மறுமாதமும் எடுத்திருக்கிறார்கள்.
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: செயலியை அழித்தால் சந்தா அழியாது. பணம் செலுத்தும் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்து, அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. குறுஞ்செய்திகளில் தேடுங்கள், பெரும்பாலும் வந்திருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

சேர்வதை எளிதாக்கி, விலகுவதைச் சிக்கலாக்கும் ‘சந்தாப் பொறி’யை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போவதானால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். இந்தச் சிறு தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு மாதச் சந்தாவுக்காக ஆணையம்வரை அலைவது தேவையில்லை என்பேன். இலவச மாதம் முடிந்தால் கட்டணம் உண்டு என்று அவர்கள் தெளிவாகக் காட்டியிருந்தால், முதல் மாதப் பணம் திரும்புவது சந்தேகமே.

கேள்வி: மைக்செட் வைத்திருக்கிறேன். என் சந்தாவில் இருந்து கொடை விழாவுக்குப் பாட்டுப் போடலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: கோவில் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டு ஒலிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. செயலியின் நிபந்தனைதான் இடிக்கும், தனிப்பட்ட சந்தா தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டுமே. அது போகட்டும், சாமிக்குப் பூசை நடக்கும்போது சிக்னல் போனால் ஊர்க்காரர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். விலைக்கு வாங்கிய சிடியையோ கோப்பையோ வைத்துக்கொள்ளுங்கள்.