ஆடாத ஆட்டத்துக்கு எப்படி அக்கா மூன்றாம் இடம்?

தம்பி, கொலம்பஸுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆபீஸில் காபி எடுக்கப் போனாலே அமெரிக்க ஃபுட்பால் பேச்சுதான், ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குள் ஓஹியோ ஸ்டேட் ஒரு பட்டியலில் இரண்டாம் இடம், இன்னொன்றில் மூன்றாம் இடம் என்கிறார்கள். வாழ்த்துச் சொன்னேன், பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். இதையெல்லாம் கற்றுக்கொண்டால்தான் இங்கே காலம் தள்ள முடியுமா? மேனேஜர் வேறு முதல் ஆட்டத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்" என்பது 2025 ஆகஸ்டில் வந்த உங்கள் கேள்வி.

காலம் தள்ள இது தேவையே இல்லை. பக்கத்துப் புறநகர்களான டப்ளினிலும் பவலிலும் வருஷக்கணக்காக வீடு வாங்கிக் குடியிருந்துகொண்டு, பந்து உருண்டையா நீளமா என்று கேட்டால் யோசித்துச் சொல்கிற நம்மூர்க் குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை இந்த ஊரின் மனநிலை அந்த ஒரு அணியின் கையில் இருக்கிறது. இங்கே என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்கின் அணி கிடையாது. அது கிளீவ்லாண்டுக்கும் சின்சினாட்டிக்கும்தான். கொலம்பஸுக்கு வாய்த்தது ஓஹியோ ஸ்டேட் என்ற பல்கலைக்கழக அணி. மாணவர்கள் ஆடுகிற ஆட்டம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். 1922-இல் திறந்த அவர்களுடைய மைதானத்தில் 1,02,780 பேர் உட்காரலாம். குதிரை லாடம் போல வளைந்திருப்பதால் ஊர்க்காரர்கள் 'ஷூ' என்றே சொல்வார்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லாரும் ஏன் உர்ரென்று உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவாவது கொஞ்சம் விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் அந்தப் பட்டியல். ஏபி செய்தி நிறுவனம் நாடு முழுக்க அறுபது பேர் அளவில் விளையாட்டு நிருபர்களிடம் ஓட்டு வாங்குகிறது. ஒவ்வொருவரும் இருபத்தைந்து அணிகளை வரிசைப்படுத்துவார். முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்ததற்கு 24, கடைசிக்கு 1. கூட்டிப் பார்த்தால் பட்டியல் தயார். சீசன் தொடங்குவதற்கு முன்பே இப்படிப் பட்டியல் போடும் வழக்கம் 1950-இலிருந்து இருக்கிறது. கோச்சுகளின் ஓட்டில் இன்னொரு பட்டியல் வரும். இந்த 2025 ஆகஸ்டில் இரண்டிலுமே டெக்சஸ்தான் முதலிடம். ஓஹியோ ஸ்டேட் கோச்சுகள் பட்டியலில் இரண்டு, ஏபி பட்டியலில் மூன்று.

யாரும் எதையும் பார்க்காமல் எதை வைத்து ஓட்டுப் போடுகிறார்கள்? போன வருஷம் எங்கே முடித்தார்கள், யார் யார் போய்விட்டார்கள், யார் மிச்சம், புதிதாக வந்த பையன்களுக்குப் பள்ளியில் என்ன பெயர், அப்புறம் பல்கலைக்கழகத்தின் பழைய பெருமை. பாதி ஞாபகம், பாதி பெருமை. பரீட்சைக்கு முன்னாலேயே தெருமுனையில் "மாநில முதல் மாணவன்" என்று ஃபிளெக்ஸ் கட்டுவது மாதிரிதான். பையனுக்குப் பெருமை ஒரு நாள், கவலை வருஷம் முழுக்க.

எத்தனை தடவை கவிழ்ந்திருக்கிறது தெரியுமா? 2012-இல் யுஎஸ்சி, அதாவது தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அணி, முதலிடத்தில் தொடங்கி, கடைசியில் இருபத்தைந்துக்குள்ளேயே இல்லை. 2024-இல் ஃபுளோரிடா ஸ்டேட் பத்தாம் இடத்தில் தொடங்கியது. அயர்லாந்து போய் முதல் ஆட்டத்திலேயே ஜார்ஜியா டெக்கிடம் தோற்று, இரண்டு வெற்றி பத்துத் தோல்வியோடு சீசனை முடித்தது. மாறாக 2022-இல் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) பட்டியலில் இடமே இல்லாமல் கிளம்பி இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

இருந்தும் இந்தப் பட்டியலைத் தூக்கிப் போட முடியாது. மேலே தொடங்குகிற அணி ஜெயித்துக்கொண்டே போனால் அதை அவ்வளவு எளிதில் கீழே இறக்கமாட்டார்கள். பட்டியலுக்கு வெளியே தொடங்குகிற அணி ஒவ்வொரு வாரமும் ஜெயித்தும், மேலே இருப்பவன் சறுக்குகிறானா என்று காத்திருக்க வேண்டும். பட்டத்துக்கு மோதும் பன்னிரண்டு அணிகளைத் தேர்ந்தெடுப்பது வேறு ஒரு கமிட்டி. அவர்கள் தங்கள் முதல் பட்டியலை நவம்பரில்தான் வெளியிடுவார்கள், ஆகஸ்டுப் பட்டியல் அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவர்களும் மனிதர்கள்தானே. மூன்று மாதமாகக் காதில் விழுந்த பெயர்கள் சும்மா போய்விடுமா?

சரி, பக்கத்து சீட்டுக்காரர் ஏன் முகம் சுளித்தார்? இந்த ஊரில் மூன்றாம் இடம் என்பது பாராட்டு இல்லை. அதைப் புரிந்துகொள்ள போன சீசனைச் சொல்லியாக வேண்டும்.

2024 ஆகஸ்டில் ஓஹியோ ஸ்டேட் இரண்டாம் இடம். வீரர்களுக்கு மட்டும் சுமார் இரண்டு கோடி டாலர் செலவானதாக விளையாட்டுத் துறைத் தலைவரே சொன்னார். ஆமாம், இப்போது கல்லூரி வீரர்களுக்குப் பணம் உண்டு; 2021-இலிருந்து விளம்பரம், ஸ்பான்சர் வழியாக வாங்கலாம், 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம். அவ்வளவு செலவுக்கு ஊர் எதிர்பார்த்தது இரண்டே இரண்டு: பரம எதிரியான பக்கத்து மாநில மிச்சிகனை அடிக்க வேண்டும், பட்டம் வாங்க வேண்டும். அக்டோபரில் ஓரிகனிடம் ஒரே புள்ளியில் தோற்றார்கள், 32-31. அதை மன்னித்தார்கள். நவம்பர் 30 அன்று, சொந்த மைதானத்தில் மிச்சிகன். அந்த வருஷ மிச்சிகன் ஆறு வெற்றி ஐந்து தோல்வி என்று தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த அணி. பந்தயக்காரர்கள் ஓஹியோ இருபது புள்ளி அளவில் ஜெயிக்கும் என்றார்கள். 13-10, மிச்சிகன் வெற்றி. தொடர்ந்து நான்காவது வருஷம். ஜெயித்தவர்கள் மைதான நடுவில் கொடியை ஊன்றப் போக, அடிதடியாகி போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடிக்கும் வரை போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஆபீஸைப் பார்த்திருக்க வேண்டும். இழவு வீட்டில்கூட யாராவது காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். எங்கள் டீமில் ஓய்வு பெறப்போகிற ஒரு பெரியவர் இருக்கிறார், யாரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர். அவர் கோச் ரயன் டேயைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்று வாரம் கழித்து, பட்டத்துக்கு அந்தப் பன்னிரண்டு அணிகள் மோதும் பிளேஆஃபின் முதல் சுற்று டென்னசியோடு இதே ஊரில் நடந்தது. மனம் வெறுத்தவர்கள் டிக்கெட்டை விற்றுவிட்டார்கள். கேலரியில் எதிரணியின் ஆரஞ்சு நிறம் கண்ணை உறுத்தும் அளவுக்குத் தெரிந்தது.

அங்கிருந்துதான் கதை திரும்பியது. டென்னசியை 42-17, ஓரிகனை 41-21, டெக்சஸை 28-14, கடைசியில் ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ரடாமை 34-23. நாட்டின் பட்டம், 2014 சீசனுக்கு அப்புறம் முதல்முறையாக. கோச்சை வீட்டுக்கு அனுப்பு என்றவர்களே தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டேவுக்குப் புது ஒப்பந்தம், வருஷத்துக்கு ஒன்றேகால் கோடி டாலர். மாநில ஆளுநரின் சம்பளம் அதன் பக்கத்தில் நிற்காது. இத்தனைக்கும் அப்புறம் எங்கள் பெரியவர் பிப்ரவரியில் என்னிடம் சொன்னது: "பட்டம் சரி. ஆனால் மிச்சிகனிடம் தோற்றோமே."

அதே 2024 சீசனில் பக்கத்து மாநிலத்து இண்டியானாவைப் பாருங்கள். ஆகஸ்டுப் பட்டியலில் பெயரே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் ஒன்பது தோல்வி. புதுக் கோச் வந்து, பிளேஆஃபுக்கு முந்தைய ஆட்டங்களில் 11 வெற்றி, ஒரே தோல்வி. அந்தத் தோல்வியும் இங்கே 'ஷூ'வில்தான், 38-15. அந்த ஊர் ரசிகர்களுக்கு அது வாழ்நாள் சீசன். ஓஹியோ ஸ்டேட் அப்போது 10 வெற்றி, 2 தோல்வி, இங்கே துக்கம். நம்பிக்கை வைக்காதவனுக்குக் கிடைத்ததெல்லாம் லாபம். பட்டம் வேண்டும் என்று தொடங்குகிறவனுக்குப் பட்டமும் கால்வாசி கடனை அடைக்கத்தான் உதவுகிறது. கொலம்பஸ் ரசிகரோடு பழகுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான் என்பேன். அவர் ரேங்கிங்கைப் பார்த்து மகிழ்வதில்லை, பயப்படுகிறார். முப்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மறுநாளும் தாக்குதலின் முன்வரிசையைக் காட்டி "ஆஃபென்சிவ் லைன் தேறாது" என்பார். அது அவருடைய கும்பிடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2025-இல் பயத்துக்குக் காரணமும் உண்டு. பட்டம் வாங்கிய அணியிலிருந்து 14 பேரை ஏப்ரலில் என்எஃப்எல் அணிகள் எடுத்துக்கொண்டன. தாக்குதலை நடத்திப் பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் புதுசு: ஜூலியன் சேயின். தாக்குதலுக்கும் தடுப்புக்கும் பொறுப்பான உதவிக் கோச்சுகள் இருவரும் மாறிவிட்டார்கள். மிச்சம் இருப்பதில் ஜெரமையா ஸ்மித், கேலப் டவுன்ஸ் என்ற இரண்டு பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும். முதல் ஆட்டத்தில் எதிரில் டெக்சஸ். அவர்கள் வரலாற்றிலேயே ஏபியின் ஆகஸ்டுப் பட்டியலில் முதலிடத்தில் தொடங்குவது இதுதான் முதல்முறை. அவர்கள் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங், பேட்டன் மேனிங்கின் அண்ணன் மகன். அந்தக் குடும்பப் பெயருக்கே பாதி ஓட்டு விழுந்திருக்கும் என்பது என் சந்தேகம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆகஸ்ட் 30 ஆட்டத்தில் முதலிட அணியை மூன்றாமிட அணி ஜெயிக்கும் என்றே பந்தயக் கணக்கு லேசாகச் சாய்ந்திருக்கிறது. பணம் போடுகிறவர்கள் பட்டியலை எவ்வளவு நம்புகிறார்கள் என்று இதிலேயே தெரியவில்லையா?

பந்தயம் என்றதும் இன்னொன்று. 2023 ஜனவரியிலிருந்து ஓஹியோவில் 21 வயது ஆனவர்கள் போனிலேயே சட்டப்படி பந்தயம் கட்டலாம். டிவியைப் போட்டால் விளம்பரம் அதுதான். ஆபீஸில் பத்து டாலர் போட்டு யார் ஜெயிப்பார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே கலந்துகொள்ளுங்கள். ஆப்பை மட்டும் போனில் ஏற்றாதீர்கள். வந்த புதிதில் தனியாக அறையில் இருக்கிற பையன்கள் சனிக்கிழமைகளில் அதில் விழுந்து எழ முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். தோற்றவர்கள் இருபது வயது வீரர்களைத் திட்டி மெசேஜ் அனுப்பி, தொல்லை தாங்காமல்தான் கல்லூரி வீரர்கள் மீது தனித்தனியாகப் பந்தயம் கட்டுவதை 2024-இல் இந்த மாநிலம் தடை செய்தது.

பேச என்ன வழி என்று கேட்டால், கேள்வி கேட்பதுதான். "சேயின் தாங்குவாரா?" என்று கேட்டுவிட்டுக் காபியை ஊற்றிக்கொள்ளுங்கள். பதில் முடிவதற்குள் காபி ஆறிவிடும். "இந்த வருஷமும் பட்டம் நமக்குத்தான்" என்று புதிதாக வந்தவர் சொன்னால் கண் வைக்கிற மாதிரி எடுத்துக்கொள்வார்கள். யாராவது "ஓ-ஹெச்" என்று கத்தினால் "ஐ-ஓ" என்று திருப்பிக் கத்த வேண்டும். மளிகைக் கடை வரிசையிலும் நடக்கும், ஏர்போர்ட்டிலும் நடக்கும்.

நவம்பர் கடைசி வாரம் மட்டும் கொஞ்சம் கவனம். இந்த 2025-இல் மிச்சிகன் ஆட்டம் 29-ஆம் தேதி, அவர்கள் ஊரில். அந்த வாரம் வளாகத்துப் பெயர்ப் பலகைகளில் மிச்சிகனின் முதல் எழுத்தான M வருகிற இடத்திலெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் மஷ்ரூம் சூப்பையும் விட்டுவைக்கவில்லை. மிச்சிகனின் நிறம் மஞ்சளும் நீலமும். உங்கள் சிஎஸ்கே ஜெர்சியை நீல ஜீன்ஸோடு போட்டுக்கொண்டு அந்த வாரம் ஆபீஸ் பக்கம் போகாதீர்கள். அந்தச் சனிக்கிழமை மதியம் காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வைத்து வெள்ளைக்கார நண்பர்களைக் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி மேனேஜர் வீடு. கட்டாயம் போங்கள். இங்கே வீட்டுக்குக் கூப்பிடுவது அடிக்கடி நடக்காது. ஆட்டம் பகல் 12 மணிக்கு, அதனால் பதினொன்றுக்கே போய்விடுங்கள். சிவப்புச் சட்டை ஒன்று போதும், கடையில் காசைக் கொட்டி ஜெர்சி வாங்க வேண்டாம். டெக்சஸ் நிறம் பழுப்பேறிய ஆரஞ்சு, அதைத் தவிருங்கள். சாப்பாட்டில் பெரும்பாலும் இறைச்சிதான் இருக்கும். நீங்கள் சைவம் என்றால் முதல் நாளே மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஒரு டப்பா மசாலா கடலை எடுத்துப் போங்கள், பத்து நிமிஷத்தில் காலியாகும். சாக்லேட்டில் முக்கால்வாசி தோய்த்தெடுத்த கடலை வெண்ணெய் உருண்டை ஒரு தட்டில் வரும். 'பக்கை' என்பார்கள், இந்த அணியின் பெயரே அதுதான். தாராளமாகச் சாப்பிடலாம். விதி புரியவில்லை என்றால் விளம்பர இடைவேளையில் கேளுங்கள், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். தோற்றால் ஆறுதல் சொல்லாமல், தட்டுகளை எடுத்து வைக்க உதவிவிட்டுக் கிளம்புங்கள்.

அவர் வீடு அப்பர் ஆர்லிங்டன் என்கிறீர்கள், நீங்கள் டப்ளின். 315-இல் ஏறி லேன் அவென்யூவில் இறங்காதீர்கள், மைதானத்துக்குப் போகிற கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். ஆற்றோரமாக ரிவர்சைடு டிரைவ் வழியே வாருங்கள். திரும்பும்போதும் அதே வழி.